உலோகம் அகற்றப்பட்டதா: ஆம்

என் மதினி நுரையீரலில் கட்டி வந்து செத்துப்போனார். அந்தக் கட்டி சின்னதாக இருந்த காலத்திலேயே நான் அவரைப் படம் எடுத்தேன். படத்தில் அது தெரியாமல் போனதற்குக் காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்துப் படிக்கிறவர்களை அழவைக்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. அப்படியே இருந்தாலும் இந்த விஷயத்தில் அதைக் காட்டினால் அசிங்கம்.

தேனியில் ஒரு ஸ்கேன் சென்டரில் பதினெட்டு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். கறாரானவள் என்று பெயர். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னால் பிடிக்க வேண்டும், பாதியில் விட்டால் திட்டுவேன். வலது இடது அடையாளம் இல்லாமல் ஒரு படம் வெளியே போனால் அன்றைக்கு அந்த அறையில் யாருக்கும் டீ இறங்காது. என் முதுகுக்குப் பின்னால் என்னை ஹெட்மிஸ்ட்ரஸ் என்பார்கள். எனக்குத் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அப்படிப்பட்டவளைத் தேடிக்கொண்டு ஓர் ஆராய்ச்சி வந்தது. திராட்சைத் தோட்டத்திலும் மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டிலும் வேலை பார்க்கிறவர்களின் நுரையீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மருந்து அடித்த ஈரம் காய்வதற்கு முன்பே தோட்டத்துக்குள் இறங்குகிற பெண்கள் எங்கள் பக்கம் ஏராளம். அவர்களை ஒருமுறை படம் எடுத்து, ஒரு வருஷம் கழித்து மறுபடியும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நடத்தியவர் சென்னையில் இருந்த ஒரு பெண் டாக்டர், அதிகம் பேசாதவர். எங்களுக்கு ஒரு வேன், அதற்குள் எக்ஸ்ரே மெஷின், ஒரு டிரைவர், படம் எடுக்க நான். கூடவே தலையணை கனத்துக்கு ஒரு கையேடு.

அந்தக் கையேட்டை நான் தொடர்கதை மாதிரி ஆசையாகப் படித்தேன். மனிதரைப் படம் எடுப்பதற்கு முன்னால் தினமும் காலையில் ஒரு பிளாஸ்டிக் கட்டையைப் படம் எடுக்க வேண்டும். ஃபாண்டம் என்று அதற்குப் பெயர். மெஷின் நேற்றுப் பார்த்த மாதிரியே இன்றைக்கும் பார்க்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அது. ஆள் நிற்கிற தூரம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இடுப்புக்கு மேலே உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. படத்தில் பெயர் வரக் கூடாது, எண் மட்டும்தான். படத்தைப் படிக்கிற டாக்டர்கள் எங்கோ இருப்பார்கள். அவர்களுக்கு அது யாருடைய நெஞ்சு என்று தெரியாது. ஒரு நிழல் தெரிந்தால் அது அந்த ஆளின் நெஞ்சுக்குள் இருக்க வேண்டும், எங்கள் மெஷினிலோ அவர் உடுப்பிலோ இருக்கக் கூடாது. அத்தனை பக்கமும் இந்த ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னது. என்னை மாதிரியே யோசிக்கிறவர்கள் உலகத்தில் வேறு சிலரும் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதில் ஒரு பக்கத்தை மட்டும் நான் சரியாகப் படிக்கவில்லை. அதாவது, படித்தேன், மனசில் வாங்கவில்லை. விதியைக் கடைப்பிடிக்க முடியாமல் போவது தப்பில்லை, போனால் எழுதிவிடுங்கள் என்றது அந்தப் பக்கம். அதற்கென்று டீவியேஷன் படிவம் என்று ஒன்று இருந்தது. என்ன முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். எனக்கோ அந்தப் படிவத்தைப் பார்த்தாலே ஃபெயில் ஆனவர்கள் வாங்குகிற சீட்டு மாதிரி இருந்தது.

முதல் முகாம் கூடலூரில், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். அங்கேதான் என் அண்ணன் வீடு. அண்ணன் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறார். மதினி திராட்சைத் தோட்டத்தில் வேலை. என் அம்மா சீக்கிரம் போய்விட்டதால், பன்னிரண்டாவதோடு என்னை நிறுத்திவிடலாம் என்று சொன்ன அண்ணனிடம் மல்லுக்கு நின்று என்னை எக்ஸ்ரே படிப்புக்கு அனுப்பியது மதினிதான். விடிந்ததும் தோட்டத்துக்குப் போகிற அவசரத்திலும் எனக்கு ஒரு தூக்குச்சட்டி தனியாக இருக்கும்.

முகாமுக்குப் பெண்கள் வரவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் ரத்தம் சுண்டிவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். நான் மதினிக்கு ஃபோன் போட்டேன். அரை மணி நேரத்தில் தெருவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். “மொதல்ல என்னைய எடு. நான் சாகலைன்னா இவளுகளும் வருவாளுக,” என்று சொல்லிக்கொண்டே வேனுக்குள் ஏறினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அந்த ஆராய்ச்சியிலேயே முதல் எண் என் மதினிக்கு.

“மதினி, கழுத்துல இருக்கத எல்லாம் கழட்டி இந்தக் கிண்ணத்துல வைங்க.”

“என்னத்தக் கழட்ட?”

“தாலியத்தான்.”

வெளியே நின்ற பெண்களின் பேச்சு நின்றது. மதினி கையால் தாலியைப் பொத்திக்கொண்டார்.

“ஏத்தா, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? உங்கண்ணன் அங்கன ஜீப்பு ஓட்டிக்கிட்டு இருக்காக. நான் இங்கன இதக் கழட்டி வைக்கவா?”

அதற்கு முந்தின வருஷம் குமுளி மலைப்பாதையில் ஒரு வளைவில் அண்ணனின் ஜீப் உருண்டுவிட்டது. பதினொரு நாள் நினைவில்லாமல் கிடந்தார். அந்தப் பதினொரு நாளும் மதினி ஆஸ்பத்திரி வராந்தாவில் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வீரபாண்டி கௌமாரிக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டியதும் அங்கேதான். அண்ணன் கண் திறந்தார். அது டாக்டர்களாலா, அம்மனாலா, தாலியாலா என்று நான் விவாதம் பண்ணப் போவதில்லை. மதினிக்குச் சந்தேகமே இல்லை.

வரிசை முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. மதினி இறங்கிப் போனால் அத்தனை பேரும் போய்விடுவார்கள். நான் தாலிச் சரடைத் தூக்கி, வலது தோளுக்கு மேலாக முதுகுப் பக்கம் தொங்கவிட்டேன். “இப்பச் சரியா?” என்றேன். “இதச் சொல்ல வேண்டியதுதானே,” என்றார் மதினி. கீழே ஒரு பெண், “அப்படின்னா நாங்களும் வாரோம்,” என்றாள்.

முதுகில் போட்டாலும் எக்ஸ்ரேக்கு முன்னால் பின்னால் என்று கிடையாது. அது உடம்பைத் துளைத்துக்கொண்டு போகிற வெளிச்சம், வழியில் எது இருந்தாலும் ஒரே படத்தில் விழும். இத்தனை வருஷம் பார்த்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். திரையில் படம் வந்ததும் வலது நுரையீரலின் மேல்பகுதியில் தாலி, காசு, குண்டு, அவற்றோடு ஊக்குகள் என்று ஒரு கும்பல் வெள்ளையாகத் தெரிந்தது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தாலிதான் ஊக்குப் பெட்டி. தாலிதானே, என்னவென்று தெரிந்த நிழல்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

படிவத்தில் ஒரு கேள்வி. உலோகம் அகற்றப்பட்டதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். இல்லை என்று போட்டால் டீவியேஷன் படிவம் எழுத வேண்டும். ஆராய்ச்சியின் முதல் ஆள், ஹெட்மிஸ்ட்ரஸ் எடுத்த முதல் படம், அதிலேயே ஒரு குறையா? நெஞ்சிலிருந்து அகற்றித்தானே இருக்கிறோம் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடி ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அன்றைக்கு வந்த தாலி கட்டிய பெண்கள் எல்லோருக்கும் அதே தோள், அதே டிக். அடுத்த ஊர்களிலும் அதுவே எங்கள் வேனின் வழக்கமாகிவிட்டது. எந்த முகாமிலும் டீவியேஷன் இல்லை என்று சென்னையிலிருந்து பாராட்டி எழுதினார்கள். அந்தக் கடிதத்தை டிரைவரிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

இதோடு போயிருந்தால்கூடத் தெரியாத்தனம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் என்னிடம் கேட்டார்கள். சித்திரை மாதம் ஒரு நாள் கம்ப்யூட்டரில் ஒரு கேள்வி வந்து நின்றது. முதல் எண்ணின் படத்தில் வலது மேல்பகுதியில் உலோக நிழல் இருக்கிறது, ஆனால் படிவத்தில் அகற்றியதாக இருக்கிறது. அந்தப் பகுதியைப் படிக்க முடியவில்லை. மறுபடி ஒரு படம் எடுக்க முடியுமா? படத்தைப் படித்த டாக்டர் யாரோ, நல்ல மனிதர். தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார்.

அப்போது வீரபாண்டித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. மதினி காப்புக் கட்டி, விரதம் இருந்து, அண்ணனுக்காக வேண்டிய அக்கினிச்சட்டியை எடுக்கக் காத்திருந்தார். அந்த நேரத்தில் ஃபோன் போட்டு, தாலியைக் கழற்ற வேண்டும், வாங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கத்தில் யாருக்கும் வந்திருக்காது. சரி, திருவிழா முடிகிறவரை அந்தக் கேள்வியை அப்படியே வைத்திருக்கலாம். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. ஆனால் என் பெயருக்கு நேராக ஒரு கேள்வி திறந்தே கிடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. ‘ஆடையிலிருந்த ஊக்கு. மறுபடம் தேவையில்லை’ என்று தட்டி மூடிவிட்டேன். மூடியதும் நிம்மதியாக டீ குடித்தேன். அந்த டீயை இப்போது நினைத்தாலும் என் மேல் எனக்கே அருவருப்பு வருகிறது.

என் பதிலை நம்பி, குறிப்பிடும்படியாக எதுவும் இல்லை என்று மதினிக்குக் கடிதம் வந்தது. அண்ணன் அதை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “ஒம்படிப்பு எதுக்காச்சும் ஆகுமான்னு நெனச்சேன். பரவால்லத்தா,” என்று கேலி பண்ணினார்.

மார்கழியில் மதினிக்கு இருமல் வந்தது. பனி என்றார்கள், மருந்து நெடி என்றார்கள். படம்தான் எடுத்தாயிற்றே, நெஞ்சில் ஒன்றும் இல்லையே என்று நானும் சொன்னேன். மாசிக்குள் ஜாக்கெட் தொளதொளவென்று ஆகிவிட்டது. இருமலில் ரத்தம் பார்த்த பிறகுதான் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே சி.டி. ஸ்கேன் அறையில் இருந்த டெக்னீஷியன் சின்னப் பெண், கல்லூரி முடித்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. மதினியைப் பார்த்து, “அம்மா, தாலியக் கழட்டணும்மா,” என்றது. மதினி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் மேஜை டிராயரிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை உருவி, அதில் ஒரு துண்டு விரலி மஞ்சளைக் கட்டி நீட்டியது. “மொதல்ல இதக் கட்டிக்கங்கம்மா. அப்புறமா அதக் கழட்டலாம். கழுத்து வெறுமனே இருக்காது.”

மதினி மறுபேச்சுப் பேசவில்லை. கயிற்றைக் கட்டிக்கொண்டு, தாலியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

கயிற்றிலும் மஞ்சளிலும் உலோகம் கிடையாது. படத்தில் அது உறுத்தாது. ஆபரேஷனுக்குப் போகிற பெண்கள் ஊர் ஊராகச் செய்கிற காரியம்தான், எனக்கும் தெரிந்ததுதான். கூடலூரில் அந்த மைதானத்துக்கு எதிரிலேயே மளிகைக் கடை இருந்தது. ஐந்து நிமிஷம் யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை. வரிசை கலைந்துவிடக் கூடாது, என் பதிவேடு அழுக்காகிவிடக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை.

வலது நுரையீரலின் மேல்பகுதியில் கட்டி. பக்கத்துக்கும் பரவியிருந்தது. தேனிக்குத் திரும்பியதும் அந்தப் பழைய படத்தைத் திறந்தேன். யாருடைய படம் என்று தெரிந்துகொண்டு பார்க்கக் கூடாது என்பது விதி; அந்த எண் யாருடையது என்று எனக்குத் தெரியாதா என்ன? வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். ஊக்குக் கும்பலுக்குப் பின்னால், ஓரத்தில், வட்டமாக ஒரு விளிம்பு. சுண்டைக்காய் அளவுகூட இல்லை. பட்டப்பகலில், ஆட்கள் வந்துபோகிற அறையில் வாய்விட்டு அழுதேன். ஹெட்மிஸ்ட்ரஸுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மதினியிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில், அண்ணன் சாப்பாடு வாங்கப் போயிருந்தபோது.

“நீ கழட்டத்தான் சொன்ன. நாந்தான் மாட்டேன்னேன்,” என்றார்.

“அதுக்கு வேற வழி இருந்துச்சு மதினி. நான் செய்யல. பொறவு அவங்க திரும்பக் கேட்டப்ப, வேண்டாம்னு பொய் எழுதினேன்.”

“அன்னைக்கே தெரிஞ்சிருந்தா பொழச்சிருப்பேனா?”

தெரியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். டாக்டர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை மழுப்ப முடியவில்லை. “பொழச்சிருக்கலாம் மதினி,” என்றேன்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் கொண்டுவந்த கஞ்சியைக்கூட நர்ஸ் வந்து கொடுத்தால்தான் குடித்தார். மூன்றாம் நாள் தலை சீவிவிடக் கூப்பிட்டார். முடி கொத்தாகக் கையோடு வந்தது. முகத்தை என் பக்கம் திருப்பாமலே சொன்னார்.

“உங்கண்ணன்கிட்ட இதச் சொல்லிராத.”

“எப்பிடி மதினி சொல்லாம இருக்கது?”

“அவுக கட்டுனதுதான் மறைச்சிருச்சுன்னு தெரிஞ்சா, எனக்குப் பின்னால அவுக உசுரோட இருக்க மாட்டாக. ஒன்னையத் திட்டுவாகன்னு சொல்லல. அவுகளப் பத்திச் சொல்றேன். சொல்லிராத ஆத்தா.”

சரி என்றேன். என்னை மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

அண்ணனிடம் சொல்லாமல் இருக்கலாம், ஆராய்ச்சியில் சொல்லாமல் இருக்க முடியாது. சென்னை டாக்டருக்கு ஃபோன் செய்து ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. “இப்படி எத்தனை பேர்?” என்று மட்டும் கேட்டார். “தாலி கட்டிய எல்லாருமே, மேடம்,” என்றேன். எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். முதல் எண்ணில் தொடங்கி ஒவ்வொருவருக்கும் டீவியேஷன் படிவம் எழுதினேன். கை வலித்தது, மனசில் பாரம் இறங்கவில்லை.

பிறகு அதே வேனில் அதே ஊர்களுக்குப் போனோம். இந்தத் தடவை ஒரு கட்டு மஞ்சள் கயிறும் ஒரு பை விரலி மஞ்சளும் இருந்தன. ஒரு பெண்கூட முகம் சுளிக்கவில்லை. “மொதல்லயே இப்பிடிச் செஞ்சிருந்தா எங்களுக்கும் ரெண்டு அலைச்சல் இருக்காதுல்ல,” என்று ஒரு அம்மா கடிந்துகொண்டாள். சரிதான் என்றேன். மறுபடி எடுத்த படங்களில் யாருக்கும் எதுவும் இல்லை. சந்தோஷப்பட்டேன். மறைந்திருந்தது என் மதினிக்கு மட்டும்தானா என்று அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே ஒரு வயிற்றெரிச்சலும் வந்தது. மனசு இவ்வளவு கேவலமானது என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஆடி முடிவதற்குள் மதினி போய்விட்டார். சுமங்கலியாகப் போனாள், கொடுத்துவைத்தவள் என்று பெண்கள் சொன்னார்கள். பூவும் மஞ்சளுமாக இருந்த அந்த முகத்தை நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது, வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், முன்கூட்டியே பார்த்திருக்கக் கூடாதா என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன் அன்றைக்குத்தான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார். “பாக்காம என்ன? எந்தங்கச்சி எக்ஸ்ரேல பெரிய ஆளு. மொதப் படமே இவளுக்குத்தான் எடுத்துச்சு. அப்ப ஒண்ணுமே இல்ல. பொறவு திடுதிப்புன்னு வந்துருச்சு. நம்ம கையில என்ன இருக்கு?” சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “இல்லத்தா?”

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடமாடுகிறார் என்று போகப்போகத் தெரிந்தது. ஜீப் ஸ்டாண்டில் சொல்கிறார், எஸ்டேட்டுக்குப் போகிற பெண்களிடம் சொல்கிறார். இதை நான் இப்படி எழுதுவது மதினிக்குக் கொடுத்த வாக்குக்குத் துரோகம்தான். அண்ணன் புத்தகம் படிக்கிறவர் இல்லை. ஆனாலும் யாராவது படித்துச் சொல்லிவிட்டால்? சொல்லட்டும் என்று ஒரு மனசு, ஐயோ வேண்டாம் என்று ஒரு மனசு.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூடலூருக்குப் போய் அவருக்குச் சமைத்துப் போடுகிறேன். தட்டு வைத்ததும் தொடமாட்டார். கொஞ்ச நேரம் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப ஒண்ணும் இல்லல்லத்தா?” என்று கேட்பார். ஒவ்வொரு வாரமும் கேட்கிறார்.

“இல்லண்ணே,” என்கிறேன். அதற்குப் பிறகுதான் சோற்றில் கை வைக்கிறார்.